பைக்கோட முன் ஃபோர்க்ல எண்ணெய் ஒழுகுது: சுத்தம் செஞ்சா போதுமா, சீல் மாத்தியே ஆகணுமா?

ஈசூன் ரைடர்
அண்ணன்மார்களே, என் 2பி பைக்குக்கு (சிங்கப்பூர்ல 200சிசி வரைக்குமான லைசென்ஸ் வகை) 7 வயசு. காலையில புளோக் கீழ போய்ப் பார்த்தா, முன் சக்கரத்தைத் தாங்குற ரெண்டு ஃபோர்க் குழாயில வலது பக்கத்துல வளையமா எண்ணெய். துடைச்சுட்டு துவாஸ் வேலைக்குப் போய் வந்தா மறுபடியும் அதே வளையம். பட்டறையில ரெண்டு பக்கமும் சீல் (எண்ணெய் வெளிய வராம தடுக்குற ரப்பர் வளையம்) மாத்தணும்னு சொல்றாங்க. ஒழுகுறது ஒரு பக்கம்தானே? அடுத்த மாசம் வருடாந்தரச் சோதனை வேற.

கிராஞ்சிக்காரன்
தம்பி, உடனே காசைக் கொடுத்துடாதீங்க. துவாஸ்ல லாரி கிளப்புற மணலும் சிமெண்ட் தூசியும் மழையோட சேர்ந்து சீல் உதட்டுக்குள்ள (குழாயை ஒட்டி நிக்கிற அதோட ஓரம்) போய் உட்கார்ந்துக்கும். ஒரு துகள் போதும், உதடு தூக்கிக்கும், எண்ணெய் வெளிய வரும். அதுக்கு மேல இருக்குற டஸ்ட் சீலை (தூசி தடுக்குற ரப்பர்) மெதுவா நெம்பி மேல ஏத்துங்க. பழைய ஃபிலிம் சுருள், இல்லேன்னா பாட்டில்ல வெட்டின மெல்லிய பிளாஸ்டிக், ஓரத்துல கொக்கி மாதிரி ஒரு வெட்டு. அதைக் குழாயை ஒட்டி உள்ள விட்டு ஒரு சுத்து சுத்தி இழுத்தா அழுக்கு வந்துடும். துடைச்சுட்டு, முன் பிரேக்கைப் பிடிச்சு ஃபோர்க்கை 20 தடவை அமுக்கிப் பாருங்க. என் வண்டிக்கு இப்படிச் செஞ்சு ஒன்றரை வருஷம் ஆச்சு, ஒரு சொட்டு இல்ல.

உபி மெக்கானிக்
நான் ஒத்துக்க மாட்டேன். அப்படிச் சரியாகிற வண்டி உண்டு, மறுக்கல. ஆனா 7 வருஷம் வெயில் மழையில நின்ன ரப்பர் இறுகிப் போயிருக்கும். அதுல பிளாஸ்டிக்கை விட்டுச் சுரண்டினா உதடு கிழியும். அதைவிட முக்கியம், எண்ணெய் எங்க இறங்குதுன்னு பார்த்தீங்களா? பிரேக் டிஸ்க் இருக்குற பக்கம்னா கேலிப்பருக்கு (பிரேக் பேடை டிஸ்க்ல அழுத்துற பகுதி) போகும். பேட் எண்ணெயைக் குடிச்சிட்டா கழுவித் தேத்த முடியாது, மாத்தத்தான் வேணும். பிகேஇ விரைவுச்சாலைல மழை நேரத்துல முன் பிரேக் வழுக்கினா உயிர் போற விஷயம்.

கிராஞ்சிக்காரன்
பிரேக் விஷயத்துல நானும் உங்க பக்கம்தான். டிஸ்க் பக்கம் ஒழுகினா வண்டியை எடுக்கவே கூடாது, அதை நான் முதல்லயே சொல்லியிருக்கணும். ஆனா நல்லா இருக்குற இன்னொரு சீலை எதுக்குப் பிடுங்கணும்?

உபி மெக்கானிக்
எண்ணெய்க்காக. ஒண்ணுல புது எண்ணெய், இன்னொண்ணுல கறுத்துத் தண்ணியான பழசு, அதோட ஓட்டுறது சரியில்ல. அளவும் ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். சக்கரத்தைக் கழட்டியாச்சு, அந்தப் பக்கமும் அதே வயசு ரப்பர். 3 மாசம் கழிச்சு அது ஒழுகினா திரும்பக் கூலி கொடுப்பீங்களா?
இன்னொண்ணு. சீல் வாங்குறதுக்கு முன்னாடி குழாயை நகத்தால தடவிப் பாருங்க. திறந்த பார்க்கிங்ல நிக்குற வண்டிக்கு குரோம்ல துருப்புள்ளி வரும். சீல் ஓடுற இடத்துல நகம் தட்டினா, எத்தனை சீல் போட்டாலும் கிழிச்சிடும்.

ஈசூன் ரைடர்
டிஸ்க் இடது பக்கம், அதனால பேட் தப்பிச்சது. டஸ்ட் சீலைத் தூக்கினேன், உள்ள சேறு மாதிரி மண். ஃபிலிம் வச்சு எடுத்தேன். ரெண்டு நாள் காய்ஞ்சு கிடந்துச்சு, மூணாவது நாள் திரும்ப வளையம். நகத்தால தடவினா சீலுக்கு நாலு விரல் மேல, முன்பக்கத்துல ஒரு புள்ளி தட்டுது. பிரேக் பிடிச்சா அது நேரா சீலுக்குள்ள போகுது.

உபி மெக்கானிக்
அதான் காரணம். ஒரே புள்ளின்னா 2000 நம்பர் உப்புத்தாளை எண்ணெய்ல நனைச்சு மேட்டை மட்டும் தேய்ங்க. பள்ளம் இருந்தா எபாக்சி பசை வச்சு, காய்ஞ்சதும் மட்டமாக்குங்க. நாலஞ்சு புள்ளி இருந்தா குழாயையே மாத்தச் சொல்லியிருப்பேன். சீல் இறக்கும்போது குழாய் வாயில பிளாஸ்டிக் பையைச் சுத்தி, எண்ணெய் தடவி இறக்கச் சொல்லுங்க, இல்லேன்னா அந்த விளிம்புலயே புது உதடு வெட்டுப்படும்.

கிராஞ்சிக்காரன்
புள்ளி இருந்தா மாத்துறதுதான் சரி, தம்பி. அந்த மண்ணு உள்ள போனதுக்கு டஸ்ட் சீலும் ஒரு காரணம். பழசைத் திரும்பப் போட விடாதீங்க, ரெண்டு பக்கமும் புதுசு கேளுங்க. துவாஸ் ஓட்டம் தொடருதுன்னா ஃபோர்க் குழாய்க்கு ரப்பர் உறையும் மாட்டிக்கோங்க.

ஈசூன் ரைடர்
சரிண்ணே. சனிக்கிழமை வண்டியை விடுறேன். ரெண்டு பக்கமும் மாத்தச் சொல்லிட்டேன்.