ஜெனரல் ஹோவர்டு: கல்விக் காவலரா, நிலம் பறித்தவரா?

கடலோரன்:
அமெரிக்க ஜெனரல் ஆலிவர் ஓட்டிஸ் ஹோவர்டை, 1877இல் நெஸ் பெர்ஸ் என்ற அமெரிக்கப் பழங்குடியினரைத் துரத்திய தளபதியாக மட்டும் பார்ப்பது நியாயமன்று. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல் ஃபேர் ஓக்ஸ் சண்டையில் வலக்கையை இழந்த பின்னும் களம் திரும்பியவர் அவர். அந்தப் போர் முடிந்ததும், விடுதலை பெற்ற அடிமைகளின் உணவு, மருத்துவம், கல்வி, கூலி ஒப்பந்தம் ஆகியவற்றைக் கவனிக்க அமைந்த பணியகத்தைத் தலைமையேற்று நடத்தினார். 1867இல் வாஷிங்டனில் தொடங்கிய கறுப்பின மக்களின் பல்கலைக்கழகம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. இதை ஒதுக்கிவிட்டுத் தீர்ப்பு எழுதலாமா?

மேகலை:
பல்கலைக்கழகத்தை நான் மறுக்கவில்லை. ஆனால், அதே பணியகத்தின் தலைவராக 1865 அக்டோபரில் அவர் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனது, விடுதலை பெற்றவர்களுக்குக் கடலோர நிலத்தை ஒதுக்கிய ஜெனரல் ஷெர்மனின் ஆணையை நம்பி அங்கே குடியேறிப் பயிரிட்டுவந்த மக்களிடம், நிலத்தைப் பழைய முதலாளிகளுக்கே விட்டுக்கொடுங்கள் என்று சொல்வதற்குத்தான். அம்மக்கள் அவருக்கு எழுதிய மனுவைப் படித்தால் நெஞ்சு பதறுகிறது: என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் உடன்பிறந்தவளையும் ஆடை களைந்து அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று அதில் கேட்கிறார்கள்.

கடலோரன்:
அது அதிபர் ஆண்ட்ரூ ஜான்சனின் முடிவு. நிலத்தை 40 ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுக்க ஹோவர்டு ஜூலையிலேயே சுற்றறிக்கை விட்டார். செப்டம்பரில் அதைத் திரும்பப் பெற வைத்தவர் ஜான்சன். ஹோவர்டு பதவி விலகியிருந்தால், பணியகத்தை வெறுக்கும் ஒருவர் அந்த இடத்துக்கு வந்திருப்பார், பள்ளிகளும் போயிருக்கும்.

மேகலை:
அந்த வாதம் 1865க்குப் பொருந்தலாம். ஆனால், நெஸ் பெர்ஸ் மக்களின் கதை வேறு. ஒரிகானிலுள்ள வலோவா பள்ளத்தாக்கை அவர்களின் தலைவர்களுள் ஒருவரான ஜோசப்பின் மக்களிடமிருந்து எடுப்பது பெருந்தவறு என்று முன்பு எழுதியவர் ஹோவர்டே. 1877 மே மாதம் லாப்வாய் என்ற படைக் கோட்டையில், எதிர்த்துப் பேசிய முதியவரைக் காவலில் அடைத்து, 30 நாளில் பள்ளத்தாக்கை விட்டு வெளியேறக் கெடு வைத்தவரும் அவரே. வெள்ளம் புரண்ட ஸ்னேக் ஆற்றைக் குழந்தைகளோடும் மந்தையோடும் அம்மக்கள் கடக்க நேர்ந்தது அந்தக் கெடுவால்தான். தவறு என்று தெரிந்தே செய்தவருக்கு மேலிடத்து ஆணை எப்படிக் கேடயமாகும்?

கடலோரன்:
ஆயினும், அதையடுத்து மூண்ட போரில் அக்டோபரில் சரணடைந்த நெஸ் பெர்ஸ் மக்களை, நிபந்தனைப்படி ஊருக்கு அனுப்பாமல், தெற்கே ‘இந்தியப் பிரதேசம்’ எனப்பட்ட இன்றைய ஓக்லஹோமாவுக்குத் தள்ளியவர் ஷெர்மன். அந்தப் பழியையும் ஹோவர்டின் தலையில் கட்டாதீர்கள்.

மேகலை:
கட்டவில்லை. ஆனால், ஒயிட் பேர்டு என்ற தலைவர் கனடாவுக்குத் தப்பியதைக் காட்டி, சரணடைவு நிபந்தனையே முறிந்துவிட்டது என்று பின்னர் வாதிட்டவர் ஹோவர்டு. அப்படி வாதிடும்படி அவருக்கு எந்த அதிபரும் ஆணையிடவில்லை.