460 குதிரைவலுவுக்கு ஃபொக்ஸ் மஸ்டாங்கின்ர பழைய 8.8 டிஃப் தாங்குமோ?

ஸ்காபரோ_ஃபொக்ஸ்:
வணக்கம் அண்ணையாக்கள். என்னட்ட 1990 ஃபோர்ட் மஸ்டாங் ஜிடி (ஃபொக்ஸ் எண்டு சொல்லுற பழைய பொடி) நிக்குது, 5.0 லீட்டர் எஞ்சின், அஞ்சு கியர். ஹெட், கேம் மாத்தி டர்போவும் போட்டாச்சு. டைனோவில (வலு அளக்கிற மெஷின்) சில்லில 460 காட்டுது. கொம்பனியால வரேக்க எஞ்சினே 225 தான். பின்னுக்கு இன்னும் பழைய 8.8 இஞ்சி டிஃப் (எஞ்சின் வலுவைப் பின் சில்லுகளுக்குப் பிரிச்சுக் குடுக்கிற சாமான்), கியர் விகிதம் 2.73. மிதிச்சா ஒரு சில்லு தான் சுத்துது, றோட்டில ஒற்றைக் கோடு. ஃபோர்டின்ர பெரிய 9 இஞ்சி டிஃப் வாங்கு எண்டு ஒருத்தர், ஸ்பூல் (ரெண்டு பின் சில்லையும் ஒண்டாப் பூட்டுற துண்டு) போடு எண்டு இன்னொருத்தர். கோடையில கயூகாவில இருக்கிற நேர்கோட்டு ரேஸ் ட்ராக்குக்குக் கொண்டு போகோணும், வேலைக்கும் ஓடுவன். என்ன செய்யலாம்?

வி8_மாமா:
9 இஞ்சி. ஒருக்கா செலவழி, பிறகு நிம்மதியா நித்திரை கொள்.

கராஜ்_அண்ணை:
9 இஞ்சி பலம் தான், மறுக்கேல்லை. பினியன் (டிஃபுக்குள்ள கிரவுன் எண்ட பெரிய பல்லுச் சில்லைச் சுத்துற சின்னப் பல்லுச் சில்லு) மூக்கில மூண்டாவது பேரிங் இருக்கு. ஆனா அதில பினியன் நல்லாக் கீழ இருக்கிறதால பல்லுகள் கூட உரசும், கொஞ்ச வலுவை அதுவே தின்னும். உனக்கு அவ்வளவு தேவையில்லை தம்பி.

முதல் சொல்லு, என்ன ரயர்? றோட்டு ரயர் எண்டா வழுக்கிப் போயிடும், உள்ளுக்கு அடி விழாது. ஸ்லிக் (கோடு வெட்டாத ரேஸ் ரயர்) போட்டு கிளச்சை டக்கெண்டு விட்டா தான் அடி முழுக்க ஆக்சிலுக்கு இறங்கும். 8.8 இல கிரவுனும் பினியனும் கெதியில போகாது. முதல் போறது உள் நுனியில 28 பல்லு வெட்டின உன்ர பழைய ஆக்சில்.

அதைவிடப் பயம் சி-கிளிப். ஆக்சிலை உள்பக்கத்தில பிடிச்சு வைச்சிருக்கிறது அந்தச் சின்ன வளையம் மட்டும் தான். ஆக்சில் முறிஞ்சா மிச்சத் துண்டோட சில்லு வெளியில வந்திடும். என்.எச்.ஆர்.ஏ (அமெரிக்க நேர்கோட்டு ரேஸ் சங்கம்) விதியில கால் மைலை 10.99 செக்கனிலயோ அதுக்குக் கீழயோ ஓடுற காருக்கும், ஸ்பூல் மாதிரி டிஃபை லொக் பண்ணின எந்தக் காருக்கும் கொம்பனிது இல்லாத வேற ஆக்சிலும் அதைப் பிடிக்கிற பூட்டும் கட்டாயம். ஸ்பூல் சொன்னவர் இதைச் சொன்னவரோ? ஸ்பூலோட வேலைக்கு ஓடினா ஒவ்வொரு திருப்பத்திலயும் ரயர் இழுபடும், மழையில குண்டி வெட்டும்.

ஒரு பின் சில்லை மட்டும் தூக்கி, நியூட்ரலில விட்டு, கையால சுத்திப் பார். லேசா சுத்தினா ட்ராக்ஷன்-லொக் பிளேட் (ஒரு சில்லு மட்டும் சுத்தாமல் பிடிக்கிற உரசல் தட்டு) முடிஞ்சுது. ஆக்சிலை இழுத்தெடுத்து பேரிங் ஓடுற இடத்தில நகத்தால தடவு. இதில பேரிங் ஆக்சிலுக்கு மேலயே நேர ஓடுறது, பள்ளம் விழுந்திருந்தா நகம் இடறும்.

நானெண்டா 31 பல்லு ஆக்சில், அதுக்கேத்த காரியர் (கிரவுனைத் தாங்குற டிஃபின்ர நடுக்கூடு), புது பிளேட், 3.55 கியர் போடுவன். டர்போவுக்கு 4.10 விசர் வேலை. டிஃப் ஒயிலோட ஃபிரிக்ஷன் மொடிஃபயரும் (பிளேட் உரசலைச் சீராக்கிற மருந்து) விடு, இல்லாட்டி திருப்பத்தில கடகடக்கும். ஆக்சில் குழாயளை நடு வார்ப்போட சேத்து வெல்ட் பண்ணு. கொம்பனியில குழாயை அமத்திச் செருகி, சின்னப் பொட்டு வெல்டில தான் விட்டிருக்கு, அடி கூடினா முறுகும். வார்ப்பிரும்பு எண்டபடியா சூடாக்கி வெல்ட் பண்ணத் தெரிஞ்சவனிட்டக் குடு.

கியர் பூட்டிறதை மட்டும் மலிவில செய்யாத. கிரவுனுக்கும் பினியனுக்கும் இடையில பல்லு இடைவெளி 0.008 இலிருந்து 0.015 இஞ்சிக்குள்ள நிக்கோணும். களிம்பு பூசி, பல்லு பதியிற இடத்தை உன்ர கண்ணால பாத்திட்டு மூட விடு.

ஸ்காபரோ_ஃபொக்ஸ்:
பெரிய நன்றி அண்ணை. ட்ராக்கில டிராக் ரேடியல் (நேர்கோட்டு ரேஸுக்கான பிடி கூடின ரயர்) தான் போடுவன். ஜங்யார்டில ஃபோர்ட் எக்ஸ்ப்ளோரர் ஜீப்பில இருந்து கழட்டின 8.8 ஒண்டு பாத்தனான், 31 பல்லு, டிஸ்க் பிரேக்கும் இருக்கு. தூக்கட்டோ?

கராஜ்_அண்ணை:
சாமான் நல்லது. ஆனா பினியன் நடுவில இல்லை, ஒரு பக்கம் தள்ளி நிக்கும். உன்ர காரில சில்லுக்கு நாலு நட், அதில அஞ்சு. கொன்ட்ரோல் ஆம் (ஆக்சிலை பொடியோட பிடிக்கிற கை) பூட்டுற காதுகளையும் நீ தான் செய்து ஒட்டோணும். வெல்டர் கூட்டாளி இருந்தா எடு, இல்லாட்டி விடு.

அதுக்கு முதல் காருக்குக் கீழ படுத்து டோர்க் பொக்ஸைப் பார், கொன்ட்ரோல் ஆம் பொடியில பூட்டுற இடம். ஒன்ராறியோ உப்புத் திண்ட ஃபொக்ஸ் எண்டா தகடு வெடிச்சிருக்கும். ஸ்க்ரூட்ரைவரால குத்திப் படம் எடுத்துப் போடு.

வி8_மாமா:
உந்த வலுவுக்கு உன்ர காரின்ர ரி-5 கியர்பொக்ஸ் எவ்வளவு நாள் கிடக்கும் எண்டும் கேள் தம்பி.

கராஜ்_அண்ணை:
ஓம், டிஃப் பிடிக்கத் தொடங்கினா அடுத்தது மூண்டாம் கியர் தான். காசில கொஞ்சம் அதுக்கும் எடுத்து வை.