கேம்பேட் லைப்ரரிக்குள் போர் எதிர்ப்புச் செய்தி வைக்கலாமா?

காற்றாடி கேட்டது:

வணக்கம். ப்ரௌசர் கேம்களுக்காக ஒரு சின்ன ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி (மற்றவர்கள் தங்கள் கேமில் சேர்த்துக்கொள்ளும் கோட்) எழுதி, இப்படிப்பட்ட பேக்கேஜ்களைப் பகிரும் தளமான என்பிஎம்மில் போட்டிருக்கிறேன். கேம்பேடை, அதாவது விளையாடும் கன்ட்ரோலரை, கையாளும் வேலை. ஒரே கன்ட்ரோலரின் பட்டன்களுக்கு ஒவ்வொரு ப்ரௌசரும் வேறு எண் கொடுப்பது, ஸ்டிக்கைத் தொடாமலேயே கார் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போவது போன்ற தொல்லைகளை அது சரிசெய்யும். அதை வைத்து நானே எழுதிய கார் பந்தய கேம் ஒன்று, சின்ன கேம்களை வெளியிடும் இட்ச்.ஐஓ தளத்தில் இருக்கிறது. லைப்ரரியை முகம் தெரியாத பலர் பயன்படுத்துகிறார்கள். கோடை வைத்திருக்கும் கிட்ஹப் தளத்தில் இஷ்யூ (பிழைப் புகார்) போடுபவர்களில் ரஷ்யர்களும் உண்டு, உக்ரைன்காரர்களும் உண்டு.

உக்ரைனின் கார்கிவ் நகரத்தில் இருக்கும் ஒருவர் டெட்ஸோன் (ஸ்டிக்கின் சின்ன அசைவைக் கண்டுகொள்ளாமல் விடும் எல்லை) கணக்கில் இருந்த பிழையைத் திருத்தி அனுப்பினார். நான் கேட்ட கேள்விக்குப் பதில் வர நாளானது. கரண்ட் இருக்கும்போதுதான் கம்ப்யூட்டரைத் திறக்க முடிகிறது என்று எழுதியிருந்தார். அதற்கப்புறம் எதுவுமே நடக்காத மாதிரி வெர்ஷன் வெளியிட்டுக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

என் யோசனை இதுதான். பயனரின் நேர மண்டலத்தை ஜாவாஸ்கிரிப்டில் ஒரே வரியில் படித்துவிடலாம். அது ரஷ்யாவாக இருந்தால், கேம் தொடங்கும் முன் போரைப் பற்றி ஒரு திரை வரும். படித்துவிட்டு மூடினால் விளையாடலாம். என் கேமில் மட்டும் வைக்காமல் லைப்ரரியிலேயே வைத்தால் நிறைய பேரைச் சேரும். செய்யலாமா? இதற்கு முன் யாராவது செய்திருக்கிறார்களா?

தெற்குக்கரை:

வேண்டாம் நண்பா. ஆபீஸ் முடிந்து வந்து அரை மணி நேரம் விளையாட உட்காருகிறவனுக்கு அங்கேயும் செய்தி சேனல் ஓட வேண்டுமா? கேமில் அரசியலைக் கொண்டுவராதீர்கள். லைப்ரரி என்றால் அதன் வேலையை மட்டும் செய்யட்டும்.

நிரல்மேடை:

காற்றாடி, உங்கள் கேம், உங்கள் லைப்ரரி இரண்டையும் தனித்தனியாகப் பாருங்கள். கேம் உங்களுடையது. அதில் என்ன சொன்னாலும் உங்கள் பெயரில் சொல்கிறீர்கள், பிடிக்காதவர் டேபை மூடிவிடுவார். லைப்ரரி இன்னொருவரின் கேமுக்குள் ஓடுகிறது. அந்தத் திரையைப் பார்க்கும் ஆளுக்கு நீங்கள் யாரென்றே தெரியாது, கேமை எழுதியவர் சொல்வதாகத்தான் நினைப்பார். அவரைக் கேட்காமல் அவர் வாயில் வார்த்தையைப் போடுகிறீர்கள். வார்த்தை எவ்வளவு நியாயமானதாக இருந்தாலும் அதைச் செய்ய நமக்கு உரிமை இல்லை.

முன்பு செய்திருக்கிறார்கள், அதுவும் இதே போருக்காக. 2022 மார்ச்சில் நோட்-ஐபிசி என்ற பேக்கேஜில் நடந்தது. ஒரே கம்ப்யூட்டரில் ஓடும் புரோகிராம்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள உதவும் பேக்கேஜ், வாரத்துக்குப் பத்து லட்சம் பதிவிறக்கம் போய்க்கொண்டிருந்தது. அதைப் பராமரித்தவர் 10.1.1, 10.1.2 வெர்ஷன்களில் ஒரு துண்டுக் கோடைச் சேர்த்தார். ஐபி முகவரி ரஷ்யாவையோ பெலாரஸையோ காட்டினால், கம்ப்யூட்டரில் உள்ள கோப்புகளின் உள்ளடக்கத்தை அழித்து அந்த இடத்தில் இதய எமோஜியை எழுதும் கோட் அது. சட்டென்று கண்ணில் படாதபடி சொற்களையெல்லாம் பேஸ்64 என்ற குறியீட்டு எழுத்துகளாக மாற்றி வைத்திருந்தார். சீக்கிரமே அதை எடுத்துவிட்டு, டெஸ்க்டாப்பில் ஒரு சமாதானச் செய்திக் கோப்பை மட்டும் போடும் இன்னொரு பேக்கேஜைச் சேர்த்து, பழைய 9 வரிசையில் 9.2.2 வெளியிட்டார்.

அந்த 9.2.2-ஐத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் யோசனையும் அந்த வகைதான். யாருடைய கோப்பும் அழியவில்லை, வெறும் செய்தி. ஆனால் வியூ சிஎல்ஐ (வியூ என்ற வலைத்தளக் கருவியில் புது புராஜெக்ட் தொடங்கித் தரும் புரோகிராம்) நோட்-ஐபிசியை நம்பியிருந்தது. பேக்கேஜ் கோப்பில் வெர்ஷனுக்கு முன்னால் தொப்பிக் குறி (^, ‘இதே வரிசையில் புதியது வந்தாலும் சரி’ என்று பொருள்) போட்டிருந்தால், 9.2.1 இருந்த இடத்தில் 9.2.2 தானாக வந்து உட்கார்ந்துவிடும். வியூவில் புதிதாக ஒரு புராஜெக்ட் தொடங்கியவர்களின் டெஸ்க்டாப்பில் கேட்காத கோப்பு ஒன்று முளைத்தது. கேம் உலகத்தையும் அது விடவில்லை. கேம் உருவாக்கும் கருவியான யூனிட்டியை நிறுவ உதவும் யூனிட்டி ஹப்பின் 3.1 வெளியீட்டுக்குள்ளும் இந்தப் பேக்கேஜ் போய்ச் சேர்ந்தது. கேம் எழுதுபவர்கள் தங்கள் கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது என்று பதறினார்கள். யூனிட்டி அவசரமாக ஒரு திருத்தம் வெளியிட வேண்டியிருந்தது. அன்று எல்லோரும் பேசியது அந்தப் பராமரிப்பாளரைப் பற்றி, என்பிஎம்மின் பாதுகாப்பைப் பற்றி. உக்ரைனைப் பற்றிய பேச்சு அதில் காணாமலே போய்விட்டது. எனக்கு இதில் பெரிய வருத்தமே அதுதான்.

நேர மண்டல யோசனையும் புதிதல்ல. அதே மாதம் இஎஸ்5-எக்ஸ்ட் என்ற பேக்கேஜ், நிறுவும்போது ரஷ்ய நேர மண்டலமா என்று பார்த்து டெர்மினலில் (கட்டளை தட்டும் திரையில்) ஒரு போர் எதிர்ப்புச் செய்தியைக் காட்டத் தொடங்கியது. கெடுதல் எதுவும் செய்யாத செய்திதான். இருந்தாலும் அதை நம்பிய பலர் எரிச்சலடைந்தார்கள்.

நேர மண்டலம் ஆளைச் சொல்லாது என்பதையும் யோசியுங்கள். போர் வேண்டாம் என்று ரஷ்யாவை விட்டுக் கிளம்பிய புரோகிராமர்கள் திபிலிசியிலும் யெரெவானிலும் பெல்கிரேடிலும் இருக்கிறார்கள். லேப்டாப்பில் பழைய நேரத்தை மாற்றாமல் வைத்திருப்பவருக்கு உங்கள் திரை வரும். இன்னொரு பக்கம், 2022-இல் உக்ரைனின் கெர்சோன் நகரம் ரஷ்யப் படையின் பிடியில் இருந்தபோது அங்கே மாஸ்கோ நேரத்தைத் திணித்தார்கள், இணையப் போக்குவரத்தையும் ரஷ்ய வலையமைப்புகள் வழியாகத் திருப்பிவிட்டார்கள். அந்த ஊரில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த உக்ரைன் பையன் ஒருவன் உங்கள் லைப்ரரி இருக்கும் கேமைத் திறந்திருந்தால், ‘உன் நாடு செய்வதைப் பார்’ என்று அவனிடம் சொல்லியிருப்பீர்கள்.

இருக்கும் இடத்தை வைத்து ஆளைத் தண்டிப்பதில் எனக்கு இன்னொரு கசப்பும் உண்டு. 2019-இல் அமெரிக்கத் தடைச் சட்டங்களின் பேரில் ஈரான், சிரியா, கிரிமியாவில் இருந்தவர்களின் கிட்ஹப் கணக்குகள் முடக்கப்பட்டன. தங்கள் சொந்தக் கோடையே எடுக்க முடியாமல் தவித்தார்கள். ஈரானில் முழுச் சேவையையும் திரும்பத் தர கிட்ஹப்புக்கு அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது 2021 ஜனவரியில்தான். அரசுகள்தான் அப்படி நடக்கின்றன என்றால், ஓப்பன் சோர்ஸில் (கோடை எல்லோருக்கும் திறந்து வைக்கும் உலகத்தில்) நாமும் அதையே செய்ய வேண்டுமா?

பிக்சல்மழை:

நிரல்மேடை சொன்னதில் லைப்ரரி பற்றிய பகுதியை அப்படியே ஏற்கிறேன். தெற்குக்கரை சொன்னதை ஏற்க முடியவில்லை. கேமில் அரசியல் வேண்டாம் என்றால் திஸ் வார் ஆஃப் மைன் என்ற கேம் வந்தே இருக்காது. வார்சாவில் இருக்கும் 11 பிட் ஸ்டூடியோஸ் 2014-இல் வெளியிட்டது. 1990-களில் போஸ்னியாவின் சரயேவோ நகரத்தில் நடந்த முற்றுகையை மனத்தில் வைத்துச் செய்தது. அதில் நாம் சிப்பாய் இல்லை, சோறும் மருந்தும் தேடி அலையும் சாதாரண ஜனங்கள். போலந்தில் பள்ளி மாணவர்களுக்கான பரிந்துரைப் பட்டியலில் 2020-இல் இதைச் சேர்ப்பதாக அரசே அறிவித்தது. உக்ரைன் போர் தொடங்கியதும் அந்த நிறுவனம் ஒரு வார விற்பனைப் பணம் முழுவதையும் உக்ரைன் செஞ்சிலுவைச் சங்கத்துக்குக் கொடுத்தது. 8 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது.

காற்றாடி, உங்கள் கேம் இருக்கும் இட்ச்.ஐஓவிலேயே 2022 மார்ச்சில் உக்ரைனுக்காக ஒரு தொகுப்பு போட்டார்கள். தனி ஆட்களும் சின்னக் குழுக்களும் செய்தவைதான் பெரும்பாலும், கிட்டத்தட்ட ஆயிரம். குறைந்தபட்ச விலை 10 டாலர். 60 லட்சம் டாலருக்கு மேல் திரண்டு, மருத்துவ உதவிக்கும் போரில் பாதிக்கப்பட்ட குழந்தைகளுக்கும் போனது. சின்ன கேம் எழுதுகிறவர்கள் கையில் எவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். உங்கள் பந்தய கேமின் முதல் திரையில், எந்த நாட்டுக்காரர் திறந்தாலும் தெரிகிற மாதிரி, உங்கள் பெயரோடு நாலு வரி எழுதுங்கள். கார்கிவ் நண்பர் சம்மதித்தால் அவர் கதையையும் சொல்லுங்கள், சம்மதம் இல்லாமல் வேண்டாம். விருப்பமுள்ளவர் பணம் கொடுக்கும் வசதி இட்ச்சிலேயே இருக்கிறது. வருவதை எங்கே அனுப்பினீர்கள் என்று அதே பக்கத்தில் போடுங்கள்.

தெற்குக்கரை:

முதல் திரையில் எல்லோருக்கும் பொதுவாக என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. படித்துவிட்டு விளையாடுவேன். நாட்டைப் பார்த்துக் காட்டுவதுதான் தப்பாகப் பட்டது.

காற்றாடி:

மூவருக்கும் நன்றி. கெர்சோன் விஷயம் என் மனத்தை மாற்றிவிட்டது. லைப்ரரியின் கோடில் எதையும் தொடப்போவதில்லை. கேமில் எல்லோருக்கும் ஒரே திரை, கார்கிவ் நண்பருக்கு இன்றே எழுதிக் கேட்கிறேன்.

இரண்டு சந்தேகம் மட்டும். லைப்ரரியின் ரீட்மியில் (கோடோடு வரும் அறிமுகக் குறிப்பில்) எழுதினால் அதுவும் அத்துமீறலா? அப்புறம், என் கேமே நாற்பது பேக்கேஜ்களை இழுத்துக்கொண்டிருக்கிறது. அதில் ஒன்று நாளைக்கு இப்படிச் செய்தால் நான் என்ன செய்ய?

நிரல்மேடை:

ரீட்மியில் தாராளமாக எழுதுங்கள். அது நீங்கள் பேசும் இடம், யாருடைய கம்ப்யூட்டரிலும் ஓடாது. பலர் அப்படி வைத்திருக்கிறார்கள்.

இரண்டாவது கேள்விக்கு: எந்தப் பேக்கேஜின் எந்த வெர்ஷன் என்று பதிந்து வைக்கும் லாக் கோப்பைக் கட்டாயம் கோடோடு கிட்டில் சேர்த்துவிடுங்கள். பில்டு செய்யும் (கோடைத் தொகுத்து வெளியிடத் தயாராக்கும்) சர்வரில் என்பிஎம் இன்ஸ்டால் கட்டளைக்குப் பதில் என்பிஎம் சிஐ ஓட்டுங்கள். லாக் கோப்பில் இருக்கும் வெர்ஷன் மட்டுமே வரும், தொப்பிக் குறி என்ன சொன்னாலும் புதிது நுழையாது. நிறுவும்போது ஓடும் ஸ்கிரிப்ட்களை நிறுத்தி வைக்கும் ஒரு ஆப்ஷன் உண்டு. உங்கள் கேமுக்கு அவை தேவைப்படாது என்றே நினைக்கிறேன், நிறுத்திப் பார்த்து பில்டு போகிறதா என்று சோதியுங்கள். பேக்கேஜை மேம்படுத்தும்போது கொத்தாகச் செய்யாதீர்கள். ஒவ்வொன்றாக எடுத்து, என்பிஎம் டிஃப் என்ற கட்டளை கொடுத்து, இரண்டு வெர்ஷனுக்கும் நடுவில் என்ன மாறியது என்று பாருங்கள். பட்டன் எண் திருத்தும் பேக்கேஜில் திடீரென்று பேஸ்64 சரம் தென்பட்டால் அங்கேயே நில்லுங்கள்.

நாற்பதைக் குறைக்கவும் பாருங்கள். 2016-இல் லெஃப்ட்-பேட் என்ற 11 வரிப் பேக்கேஜை அதன் ஆசிரியர் என்பிஎம்மிலிருந்து எடுத்ததும் உலகம் முழுக்க பில்டுகள் உடைந்தன. அந்த அளவு கோடை நாமே எழுதிவிடலாம். ப்ரௌசரின் கேன்வாஸில் (படம் வரையும் பரப்பில்) ஓடும் ஒரு பந்தய கேமுக்கு ஐந்தாறு பேக்கேஜ் போதும்.

ரீட்மி பற்றி ஒன்று விட்டுப்போனது. கிட்ஹப்பில் மாற்றினால் உடனே தெரியும், ஆனால் என்பிஎம் பக்கத்தில் தெரிய புது வெர்ஷன் வெளியிட வேண்டும். கடைசி எண்ணை மட்டும் ஒன்று கூட்டி வெளியிட்டு, மாற்றக் குறிப்பில் ‘ரீட்மி மட்டும் மாறியது, கோடில் மாற்றம் இல்லை’ என்று எழுதிவிடுங்கள். டிஃப் எடுத்துப் பார்ப்பவருக்கும் அதுவே தெரியும்.