நான்காம் மண்டை நரம்பு: ‘கப்பி நரம்பு’ என்று ஏன் சொல்லலாம்

நண்பர்களுக்கு வணக்கம். மண்டையோட்டைக் கடந்து செல்லும் பன்னிரண்டு இணை நரம்புகளுக்கு நல்ல தமிழ்ப் பெயர் தேடுகிறோம். நான்காவதான ட்ரோக்ளியர் நரம்பை ‘கப்பி நரம்பு’ என்கலாம் என்பது என் பரிந்துரை (லத்தீனில் ‘ட்ரோக்ளியா’ என்றால் கப்பி). அதையொட்டி வந்த கேள்விகளும் என் பதில்களும் கீழே.

> ட்ரோக்ளியர் நரம்பை ‘மேல்சாய் தசை நரம்பு’ என்றே சொல்லலாமே. அது இயக்குவது அந்த ஒரு தசையைத்தான். கப்பிக்கும் நரம்புக்கும் என்ன தொடர்பு?

நேரடித் தொடர்பு இல்லைதான். கப்பிக்குள் நுழைவது தசைநாண், நரம்பு அல்ல. ஆனால் ‘மேல்சாய்’ என்று படிக்கும் மாணவர், அந்தத் தசை கண்ணை மேலே தூக்கும் என்றுதான் நினைப்பார். நடப்பது நேர்மாறு. விழிக்குழியின் பின்கோடியில் தொடங்கும் தசை, மூக்கை ஒட்டிய மேல்மூலையில் இருக்கும் சிறு குருத்தெலும்பு வளையம் (இதுதான் கப்பி) வரை வந்து, அதற்குள் நாணாகப் புகுந்து, சட்டென்று பின்பக்கம் திரும்பி, விழியின் பின்பாதியில் மேற்புறமாக ஒட்டிக்கொள்கிறது. தசை சுருங்கினால் விழியின் பின்பகுதி மேலேறும், கருவிழி கீழே இறங்கும். கயிற்றைக் கீழே இழுத்தால் வாளி மேலே வருகிறதே, அந்தத் திசைமாற்றம்தான் இங்கே முழு விஷயமும். அதைப் பெயரிலேயே சொல்லும் வாய்ப்பை ஏன் விட வேண்டும்?

சோதனையும் இதை ஒட்டியே அமைகிறது. விரலை முதலில் நோயாளியின் மூக்குப் பக்கம் நகர்த்தி, பிறகு கீழே இறக்குவோம். மூக்கோரம் வந்த கண் கீழே போகத் திணறினால் நான்காம் நரம்பின்மேல் சந்தேகம். இந்த நரம்பு பழுதானவர்கள் சொல்லும் குறையும் தனி ரகம்: படி இறங்கும்போதும் புத்தகம் படிக்கும்போதும் உருவங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டாகத் தெரியும். பலர் தம்மை அறியாமலே தலையை நல்ல கண் இருக்கும் பக்கத் தோளை நோக்கிச் சாய்த்திருப்பார்கள். பன்னிரண்டில் இதுதான் மிக மெல்லியது. மூளைத்தண்டின் பின்புறத்திலிருந்து வெளிவருவதும் இது ஒன்றே. மண்டைக்குள் நெடுந்தொலைவு சுற்றி வருவதால் தலையில் அடிபட்டால் எளிதில் பழுதாகும்.

> வேகஸ் நரம்புக்கு ‘அலை நரம்பு’?

ஏற்க முடியவில்லை. பத்தாவதான இதன் லத்தீன் பெயருக்கு ‘அலைந்து திரிவது’ என்று பொருள் என்றாலும், ‘அலை’ என்றதும் கடலலை, மின்னலை என்றுதான் முதலில் மனம் போகும். ‘வேகசு’ என்று ஒலிபெயர்ப்பது அதைவிட மோசம்: இதயத் துடிப்பைத் தணிக்கும் நரம்புக்கு வேகம் என்று பெயரா! கழுத்தில் இறங்கி இதயம், நுரையீரல், இரைப்பை, பெருங்குடலின் பெரும்பகுதி வரை சுற்றித் திரிவது அது. ‘உலவு நரம்பு’ என் பரிந்துரை.

> மொத்தத் தொகுதிக்கும் ‘மூளை நரம்புகள்’ போதாதா?

பேச்சில் போதும், பாடநூலுக்குப் போதாது. பதினோராம் நரம்பின் முதன்மையான வேர் கழுத்துப் பகுதித் தண்டுவடத்தில் பிறக்கிறது. அங்கிருந்து மேலேறி, மண்டையோட்டின் அடிப்பெருந்துளை வழியே உள்ளே போய், வேறொரு துளை வழியே வெளியே வந்து, கழுத்துத் தசைக்கும் தோள் தசைக்கும் போகிறது. தோளைக் குலுக்கச் சொல்லிச் சோதிப்பது இதைத்தான். மூளையில் பிறக்காத இதுவும் மண்டையோட்டைக் கடக்கிறது. ஆகவே ‘மண்டை நரம்பு’. ‘கபால நரம்பு’ என்றாலும் எனக்கு மறுப்பில்லை. பண்டைய கிரேக்க மருத்துவர் கேலன் காலத்தில் ஏழு இணைகளாக எண்ணியதை 1778-இல் ஜெர்மானிய உடற்கூறியலாளர் சொமெரிங் பன்னிரண்டாக வரிசைப்படுத்தினார். அந்த எண்களைப் பெயரோடு சேர்த்தே எழுதுவோம், மருத்துவர்கள் வாயில் புழங்குவது எண்தான்.

ஐந்துக்கு ‘முக்கிளை நரம்பு’, ஏழுக்கு ‘முக நரம்பு’ இருக்கட்டும். முகத்தின் தொடு உணர்வு ஐந்துடையது, அசைவு ஏழுடையது என்ற குறிப்பு மட்டும் வேண்டும். கருவிழியைப் பஞ்சு நுனியால் தொட்டால் உணர்வது ஐந்து, இமையை மூடுவது ஏழு.

ஆறாவதற்குத்தான் தடுமாறுகிறேன். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் நரம்பு அது. ‘புறந்திருப்பி’ என்றால் கருவியின் பெயர்போல் ஒலிக்கிறது, ‘விலக்கு நரம்பு’ என்றால் எதை விலக்குகிறது என்று கேட்பார்கள். இவற்றைவிட நல்லதாக ஒன்று யாரிடமாவது உண்டா?