புதுப்பிப்பு: வனஜீவி ராமையா பற்றிய என் பழைய பதிவு

2025 ஏப்ரல் 12 அன்று மறைந்த தெலங்கானாவின் தரிபள்ளி ராமையாவைப் பற்றி முன்பு எழுதியிருந்தேன். கம்மம் மாவட்டத்து ரெட்டிபள்ளிக்காரர். சைக்கிளில் கன்றும் விதையும் கட்டிக்கொண்டு போய், கண்ணில் பட்ட வெற்று நிலத்திலெல்லாம் நட்டு வந்தவர். ஒரு கோடி மரம், 2017 பத்மஸ்ரீ எல்லாம் சொல்லிவிட்டு, அவர் வீட்டாரைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அது என் தவறுதான்.

மனைவி ஜானம்மா இல்லாமல் இந்தக் கதையே கிடையாது. விதை பொறுக்கியதிலிருந்து கன்று நட்டது வரை, எல்லாவற்றிலும் கூடவே நின்றவர் அவர். அப்புறம், பேத்திகளுக்குச் செடிகொடிகளின் பெயரையே சூட்டினாராம் தாத்தா. இதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது. அவருக்கு வீடு வேறு, காடு வேறு இல்லை.