நம்ம பட்டறை குடும்பக் குழு: வீணைக்கு ஒரு முத்திரை

நான்: பட்டறைக்கு லோகோ மூன்று மாதிரி போட்டிருக்கிறேன். எல்லாரும் பார்த்துச் சொல்லுங்கள்.

சென்னை அத்தை: முதல் படம் என்ன லட்சணம்! சரஸ்வதி கையில் வீணை. இதையே வைத்துக்கொள்ளலாமே அண்ணா?

பெரியப்பா: வேண்டாம்மா. பில், கவர், அட்டைப்பெட்டி எல்லாவற்றிலும் அச்சடிப்போம். பிரித்ததும் பெட்டி குப்பைக்குப் போகும். அம்பாள் படம் காலில் மிதிபடலாமா?

சென்னை அத்தை: அதுவும் சரிதான்.

அண்ணன்: இரண்டாவது, யாளி முகம். தஞ்சாவூர் வீணை என்றாலே யாளிதானே!

நான்: வரைய எனக்கும் ஆசையாகத்தான் இருந்தது அண்ணா. ஆனால் வீணையின் உருண்டையான குடத்தின் அடியில் ஒரு ரூபாய் அளவுக்குச் சுட்டுப் பதிக்கும்போது பல்லும் பிடரியும் ஒட்டிக் கறுப்புத் திட்டாகிவிடும். டிபியில் வைத்தாலும் அப்படித்தான் தெரியும். மூன்றாவதைப் பாருங்கள். வட்டம்தான் குடம், உள்ளே ஏழு கோடு ஏழு தந்தி. ஒரே நிறம்.

அண்ணன்: ரொம்பச் சாதாரணமாக இல்லை?

நான்: யமஹா முத்திரையும் வட்டத்துக்குள் மூன்று இசைக்கவைதானே, சுருதி பார்க்கத் தட்டுகிற இரட்டைமுனைக் கம்பி. 1898இலேயே இசைக்கவையை அடையாளமாக எடுத்துவிட்டார்கள். பியானோவில் கவையின் நுனி வட்டத்துக்குள்ளேயே நிற்கும், பைக்கில் விளிம்புவரை போகும்.

அண்ணன்: கீழே போய் என் வண்டியைப் பார்த்தேன். ஆமாம்! இத்தனை வருடம் கண்ணில் படவே இல்லை.

பெரியப்பா: கண்ணு, மூன்றாவதுதான் எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ஏழு கோட்டையும் சம இடைவெளியில் போட்டிருக்கிறாய். வாசிக்கிற தந்தி நாலு. தாளத் தந்தி மூன்றும் பக்கவாட்டில் தனியாகப் போகும், சுண்டு விரலால் மீட்டுவது. இப்படியே விட்டால் கிட்டார் என்று நினைப்பார்கள். வாசிக்கிறவர் பார்த்த உடனே வீணை என்று சொல்ல வேண்டும்.

நான்: அப்போ நாலு கோடு, கொஞ்சம் இடம் விட்டு மூன்று. சரியா பெரியப்பா?

பெரியப்பா: சரி. நாலையும் ஒரே தடிமனில் போடாதே. முதல் தந்தி சாரணி மெல்லிசு. அங்கிருந்து பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் என்று தடித்துக்கொண்டே போகட்டும்.

வக்கீல் மாமா: பெயரில் ‘தஞ்சாவூர் வீணை’யைச் சேர்க்காதீர்கள். அது புவிசார் குறியீடு பெற்ற பெயர், நம் பட்டறைக்கு மட்டும் என்று வணிக முத்திரையாகப் பதிய முடியாது. தாத்தா பெயரோடு இந்த வட்டத்தைப் பதியலாம். முத்திரைப் பதிவில் இசைக்கருவிகளுக்கு 15ஆம் வகுப்பு. தனிநபர் பெயரில் இணையவழி விண்ணப்பித்தால் 4,500 ரூபாய். பதிவானால் 10 வருடம் செல்லும், அப்புறம் புதுப்பிக்கலாம். பதிவாகும்வரை பக்கத்தில் டி.எம். மட்டும் போடுங்கள், வட்டத்துக்குள் ஆர் போடக் கூடாது.

சென்னை அத்தை: அப்பா பெயர் தமிழ் எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

நான்: தமிழில்தான் அத்தை, வட்டத்துக்குக் கீழே. வெளிநாட்டு பில்லுக்கு மட்டும் ஆங்கிலத்தில் இன்னொன்று செய்துவிடுகிறேன்.

பெரியப்பா: திருத்தி அனுப்பு. சூட்டு அச்சு செய்து பலாத் துண்டு ஒன்றில் சுட்டுப் பார்க்கிறேன். தேய்த்து மெருகு போட்ட பிறகும் தாளத் தந்திக் கோடு மூன்றும் பிரிந்து தெரிந்தால் மாமாவிடம் கொடுத்துப் பதிந்துவிடலாம்.