நெஞ்சில் நீர் வடிக்கும் குழாய்: வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். வலது நுரையீரலைச் சுற்றி நீர் கோர்த்துக்கொண்டே இருக்கிறது. ஊசி வழியாக எடுத்தால் மூச்சு இலகுவாகிறது, கொஞ்ச நாளில் மறுபடியும் படுக்க முடியாமல் உட்கார்ந்தே தூங்குகிறார். மறுபடி நீர் சேராதபடி, டால்க் பவுடர் செலுத்தி நுரையீரலை நெஞ்சுச் சுவரோடு ஒட்டவைக்கலாமா என்று கேட்டோம். நுரையீரல் முழுதாக விரியவில்லை, அதனால் ஒட்டாது என்றார் டாக்டர். ப்ளூரெக்ஸ் மாதிரி நாள்பட வைத்திருக்கும் குழாயைப் பொருத்தலாம் என்கிறார்.

மெல்லிய சிலிக்கோன் குழாய்தான். தோலுக்கடியில் கொஞ்ச தூரம் ஓடி நெஞ்சுக்குள் போகிறது, வெளிமுனையில் வால்வு. வெற்றிட பாட்டிலை மாட்டினால் நீர் தானாக இறங்கும். ஒரு தடவைக்கு 1 லிட்டரைத் தாண்டக்கூடாது, வலியோ இருமலோ வந்தால் நிறுத்திவிட வேண்டும். இதெல்லாம் புரிகிறது. சிலருக்கு நாளடைவில் நீர் வருவதே நின்று, குழாயை எடுத்துவிடுவார்களாம்.

என் கவலை பாட்டில்தான். ஒவ்வொரு முறையும் புதிது வேண்டும், விலையும் சும்மா இல்லை. மதுரை, திண்டுக்கல் பக்கம் எங்கே கிடைக்கிறது? பாட்டிலுக்குப் பதில் சாதாரண வடிகால் பை மாட்டியவர்கள் உண்டா, டாக்டர் சம்மதித்தாரா? காப்பீட்டில் பாட்டில் செலவு வந்ததா? அப்புறம், குளிப்பது எப்படி? அம்மா முதலில் கேட்டதே அதைத்தான்.

சிகிச்சை முடிவை டாக்டரோடு பேசிக்கொள்கிறோம். வீட்டில் பார்த்துக்கொண்டவர்களின் அனுபவம்தான் வேண்டும். தொற்று வந்து சிரமப்பட்டிருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.